ஒரு குருவிக்காக மெயினை இறக்கியவர்

மார்கழி கடைசி வியாழக்கிழமை, காலை டீ நேரத்தில் செய்தி வந்தது. என் மகன் செந்திலின் பனியன் கம்பெனி எங்கள் வீட்டுக்கு முன்பக்கமே இருக்கிறது. அங்கே செக்கிங்கில் வேலை செய்யும் ஜோதி, கையில் பிடித்திருந்த டீ டம்ளரைக்கூடக் கீழே வைக்காமல் பின்பக்கத் தோட்டத்துக்கு ஓடி வந்தாள். அவள் விருதுநகர்ப் பக்கத்துப் பெண்.

"அம்மா, நம்ம ஒயர்மேன் அய்யா தவறிட்டாகம்மா. விடியக்காலம் நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லியிருக்காக. ஆஸ்பத்திரி வாசல்லயே முடிஞ்சு போச்சாம்."

நான் நாற்காலியில் உட்கார்ந்து முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு தேன்சிட்டுகள் பூவுக்குப் பூ தாவிக்கொண்டிருந்தன. "சரி" என்று மட்டும் சொன்னேன். நான் அழுவேன் என்று அவள் காத்து நின்றாள். "நீ போய் வேலையைப் பாரு கண்ணு, சூப்பர்வைசர் கத்துவான்" என்று அனுப்பிவிட்டேன். அழுவதற்கு எனக்குப் பாத்தியதை இருக்கிறதா என்பதே அப்போது தெரியவில்லை. அது ஏன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் குளத்துக்கரையில் பறவை பார்க்க நடக்கும் குழுவினர் அவருக்காக ஒரு சிறு நினைவு மலர் போடுகிறார்கள். என்னையும் எழுதச் சொன்னார்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். பிழைகளை ஜோதி திருத்தியிருக்கிறாள். சொன்ன சங்கதியை மட்டும் திருத்த விடவில்லை.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மறைந்த பொன்னுசாமி அவர்கள் மின்வாரியத்தில் ஒயர்மேனாக இருந்தவர். மங்கலம் ரோட்டில் எங்கள் பகுதி முழுவதும் அவருடைய பொறுப்பில்தான் இருந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, ஒயர்மேன்தான். ஒல்லியான உடம்பு. பேசும்போதுகூடப் பாதிக் கண் மேலேதான் இருக்கும். பறவை பார்ப்பதை அவர் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை, கம்பத்தின் மேல் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். "கீழ நிக்கறவிய குருவியோட வயித்தைத்தான் பாப்பாங்க. நான் முதுகைப் பாத்தவனுங்க" என்பார்.

எனக்கும் அவருக்கும் பழக்கம் சண்டையில்தான் தொடங்கியது. எங்களுக்கு அப்போது நான்கு எருமைகள் இருந்தன. வீட்டுக்கு மேற்கே நின்ற வேப்பமரத்து நிழலில்தான் அவற்றைக் கட்டுவோம். மரத்தை ஒட்டி மின்கம்பி போனது. ஒரு நாள் சாயங்காலம் அவர் வாசலில் வந்து நின்று, "அக்கா, நாளைக்கு இந்த வேப்பங்கொம்பு கழிக்கோணுங்க. காத்தடிச்சா லைன்ல ஒரசுது. எருமையைக் கொஞ்சம் மாத்திக் கட்டிக்கங்க" என்றார். நானும் தலையை ஆட்டினேன். இதை அப்படியே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முந்தின நாளே வந்து சொன்னார்.

மறுநாள் களை வெட்டிவிட்டு நான் வீடு திரும்பியபோது, நிழல் தந்த பெரிய கொம்பு தரையில் கிடந்தது. ஒன்றுக்கும் உதவாத இன்னொரு கொம்பு மரத்திலேயே இருந்தது. அதுவும் கம்பியில் உரசுகிற கொம்புதான். அதை வெட்டாமல் கயிறு போட்டு, கம்பிக்கு எட்டாதபடி இழுத்துக் கட்டியிருந்தார்.

"ஏனுங்க, கண்ணு தெரியுதுங்களா? நெழல் குடுக்கற கொம்பை வெட்டிப்போட்டு, இந்தக் குச்சியைக் கட்டிக் காப்பாத்தறீங்க?"

"அதுல கரிச்சான் கூடு இருக்குதுங்கக்கா. மூணு குஞ்சுங்க. பதினஞ்சு நாள்ல பறந்துரும். பொறவு வந்து கழிச்சுக்கறேன்."

"கரிச்சானுக்கு நெழல் வேணும், என்ற எருமைக்கு வேண்டாமா?"

"எருமை நடக்குமுங்க. குஞ்சு நடக்காதுங்களே" என்றார்.

கூட வந்த ஆட்கள் கம்பத்தில் தொங்கிக்கொண்டே சிரித்தார்கள். எனக்கு உச்சி மண்டை வரைக்கும் ஏறிவிட்டது. சொன்னபடி பதினைந்து நாள் கழித்து வந்து அந்தக் கொம்பையும் கழித்தார். நல்ல வெயில். இறங்கியதும், "அக்கா, ஒரு சொம்பு தண்ணி" என்று கேட்டார். நான் கதவைச் சாத்திக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் தண்ணீர் கேட்டவரைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். அனுப்பினேன். அதற்குப் பிறகு அவர் எங்கள் தெருவில் எத்தனையோ தடவை ஃபியூஸ் போட வந்தார். ஒரு தடவையும் நான் அவர் முகத்தைப் பார்த்ததில்லை.

அந்த வேப்பமரம் இப்போது இல்லை. மரத்தை வெட்டி அந்த இடத்தில் அயர்னிங் ஹால் கட்டியது என் மகன். அதற்காக அவனிடம் ஒரு நாள்கூடக் கோபித்துக்கொண்டதில்லை. வஞ்சமும் ஆளைப் பார்த்துத்தான் வருகிறது.

இப்போது எங்கள் வீடு இருக்கும் நிலைமையைச் சொல்ல வேண்டும். முன்னால் கம்பெனி. இடப்பக்கம் துணி ரோல் அடுக்கும் குடோன். வலப்பக்கம் பக்கத்துக்காரரின் தறிக்கூடத்துச் சுவர். பின்னால் கண்ணாடிச் சில்லு பதித்த காம்பவுண்டு, அதற்கு அந்தப் பக்கம் ஒரு சந்து. நடுவில் என் வீடும், பத்து சென்ட் தோட்டமும். சப்போட்டா, முருங்கை, செம்பருத்தி, ஒரு துவைக்கிற கல். வெளியே போக ஒரே வழி கம்பெனியின் கேட்தான்.

நான்கு வருடத்துக்கு முன் மாரியம்மன் கோயிலுக்குப் போகக் கேட்டைத் தாண்டியபோது பைக்கில் வந்த ஒருவன் என்னை இடித்துத் தள்ளினான். கட்டம் போட்ட சட்டை, காதில் ஒயர். இன்றைக்கும் கூட்டத்தில் நிறுத்தினால் அடையாளம் காட்டுவேன். இடுப்பில் பிளேட் வைத்தார்கள். ஆறு மாதத்தில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடந்துவிட்டேன். ஆனால் கேட் பூட்டியே இருந்தது. வாட்ச்மேனுக்கு உத்தரவு.

"ரோடு பூரா டெம்போவும் கம்பெனி பஸ்ஸுமா ஓடுது. உன்னை வெளிய உட்டுட்டு நான் எப்படிம்மா வேலை பாக்கறது? என்ன வேணுமோ சொல்லு, ஊட்டுக்கே வரும்" என்றான் செந்தில்.

எல்லாம் வந்தது. மருந்து வந்தது, பூ வந்தது, கோயில் விபூதிகூடப் பொட்டலத்தில் வந்தது. அவன் அன்பாகத்தான் பூட்டினான். கோபத்தில் பூட்டினால் சண்டை போட்டாவது திறக்கச் சொல்லலாம். அன்பாகப் பூட்டியதை எப்படித் திறக்கச் சொல்வது?

மூன்று குளிர்காலத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட் திறந்தது. ஏழெட்டுப் பேர் உள்ளே வந்தார்கள். முன்னால் ஒயர்மேன். கழுத்தில் பைனாகுலர், கையில் நீள நோட்டு. குளத்தில் நடந்துவிட்டுத் திரும்பும் வழியில் இந்தத் தோட்டத்திலும் பதினைந்து நிமிடம் உட்கார்ந்து பறவைகளை எண்ண வேண்டும் என்று செந்திலிடம் கேட்டிருந்தாராம். தெருவில் மிச்சமிருக்கும் பச்சை இது ஒன்றுதான் என்றாராம். செந்தில் ஏன் ஒப்புக்கொண்டான் என்பதும் எனக்குத் தெரியும். "கம்பெனிக்குள்ள குருவி வருதுன்னு போட்டோ காட்டுனா துணி வாங்கற பையர் ஆளுங்களுக்கு ரொம்பப் புடிக்கும்மா" என்றான்.

நான் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

"அக்கா, சௌக்கியமுங்களா?"

"எருமையெல்லாம் வித்தாச்சுங்க" என்றேன்.

அவர் சிரித்தார். "அப்ப எருமைக்கும் எனக்கும் இருந்த பகை தீந்துதுங்களா?"

"எருமைக்குத் தீந்துது."

அவர் துவைக்கிற கல் பக்கத்தில் குத்த வைத்து எண்ண ஆரம்பித்தார். போகும்போது, என் முதுகைப் பார்த்துச் சொன்னார்: "நாங்க வாரத்துக்குப் பதினஞ்சு நிமிஷந்தானுங்க பாக்கறோம். நீங்க நாள் பூரா இங்கயே இருக்கறீங்க. வர்றதை எழுதி வெச்சீங்கன்னா இந்தத் தோட்டத்தைப் பத்தி எங்களை உட உங்களுக்குத்தான் நெறையத் தெரியும்."

"நான் எங்கீங்க போவேன்? பூட்டுத்தான் இருக்குதே" என்றேன்.

அவர் சொன்னதற்காக எழுதவில்லை. நாள் போகவில்லை, அதனால் எழுதினேன். கிழித்துப் போடும் நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். பெயர் தெரியாத குருவிக்கு நானே பெயர் வைத்தேன். தவிட்டுக்குருவிக் கூட்டத்துக்கு ‘ஏழு சம்பந்தி’, ஏனென்றால் ஏழும் சேர்ந்து எதற்கெடுத்தாலும் சத்தம் போடும். மாங்குயிலுக்கு ‘அரைச்ச மஞ்சள்’. ஞாயிறுதோறும் அவர் அந்தத் தாள்களை நின்றபடியே முழுதும் படிப்பார். ஒரு பெயரையும் அடித்ததில்லை. ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார். "பாத்ததை மட்டும் எழுதுங்கக்கா. பாக்காததை எழுத வேண்டாம். பாத்த மாதிரி இருந்துதுன்னு தோணறதையும் எழுத வேண்டாம்."

ஐப்பசி பிறந்தால் துவைக்கிற கல்லுக்கு ஒரு வாலாட்டிக் குருவி வரும். அது வடக்கே பனிமலைக்கும் அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அவர் சொன்னபோது நான் நம்பவில்லை. இவ்வளவூண்டு உடம்பு.

"அத்தனை தூரம் இது வந்துருக்குது. நான் இந்தக் கேட்டுல இருந்து மாரியம்மன் கோயலுக்குப் போக முடியலைங்க" என்றேன். அவரிடம் நான் சிணுங்கியது அந்த ஒரு தடவைதான்.

அவர் நோட்டை மூடினார். "எங்கீங்கக்கா போகோணும் உங்களுக்கு?"

யோசிக்கவே இல்லை. "குளத்துக்கு" என்றேன். வாரா வாரம் இவர்கள் காலில் குளத்துச் சேற்றோடு வந்து, வாத்து இத்தனை, நாரை இத்தனை என்று பேசிவிட்டுப் போய்விடுவார்கள். சேறு காய்ந்து என் தோட்டத்தில் உதிர்ந்து கிடக்கும். அதைக் கூட்டித் தள்ளும்போதெல்லாம் எனக்கு அந்த ஆசைதான் இருந்தது. ஒரு தடவை அந்தக் கரையில் நிற்க வேண்டும். வேறு ஒன்றும் வேண்டியதில்லை.

போன ஐப்பசியில் அவர் அதற்கு ஏற்பாடு செய்தார். குளத்துக்கரையில் வாக்கர் உருளுமா என்று நடந்து பார்த்தார். கல் துருத்திக்கொண்டிருந்த இடத்தில் மண் அள்ளிப் போட்டாராம், ஜோதி சொன்னாள். தெரிந்த ஆட்டோவுக்குச் சொல்லிவைத்தார். பிறகு செந்திலிடம் போய் நின்று, "தம்பி, பொங்கல் முடிஞ்ச ஞாயித்துக்கெழமை அம்மாவைக் கூட்டிட்டுப் போயி, ஒரு மணி நேரத்துல பத்திரமாக் கொண்டாந்து உட்டுர்றனுங்க" என்றார். செந்தில் "சரிங்ணா, நீங்க கூட இருக்கறதா இருந்தா" என்றான். எனக்குக் கிடைத்தாயிற்று. நான் அந்தத் தேதியை ஒரு நாள்காட்டித் தாளின் பின்னால் எழுதி மடித்து வைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை விடியும் நேரத்தில் சப்போட்டா மரத்தடியில் அந்தக் குருவியைப் பார்த்தேன். சருகைப் புரட்டிக்கொண்டு தத்தித் தத்திப் போனது. முதுகு பச்சை, இறக்கையில் நீலம், வயிற்றின் அடியில் குங்குமச் சிவப்பு, கண்ணில் கருப்புப் பட்டை. வால் மட்டும் துணி பத்தாமல் போய்க் குட்டையாகத் தைத்து முடித்த மாதிரி இருந்தது. செந்திலிடம் சொன்னேன். "கிளியா இருக்கும்மா" என்றான், போனைப் பார்த்துக்கொண்டே.

ஞாயிற்றுக்கிழமை ஒயர்மேன் தாளைப் படித்ததும் அவர் கை நின்றுவிட்டது. "ஆறுமணிக்குருவிங்கக்கா இது! காலைல ஆறு மணிக்கும் சாயங்காலம் ஆறு மணிக்கும் கத்தும். நம்ம தெருவுல நான் பாத்ததே இல்லீங்க." அன்றைக்கு எல்லோரும் ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள். வரவில்லை. அவர் நோட்டில் எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். ‘ஆறுமணிக்குருவி 1, பழனாத்தாள் அக்கா சொன்னது’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

"இதென்னங்க, என்ற பேருக்குப் பக்கத்துல கொக்கி?"

"நான் இன்னும் பாக்கலைன்னு அர்த்தங்கக்கா. நீங்க பாத்தது சத்தியம். புதுசா ஒண்ணு வந்தா இன்னொருத்தரும் பாக்கற வரைக்கும் இப்படி வெக்கறது எங்க வழக்கமுங்க. எனக்கும் அப்படித்தான்."

"சாட்சிக்கு ஆள் வெச்சுட்டுத்தான் நான் குருவி பாக்கோணுமா? ரோட்டுல போறவளை இழுத்துட்டு வரலாம்னா கேட்டுத்தான் பூட்டியிருக்குதே!"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கேலியாகச் சிரிக்கவில்லை என்று இப்போது தெரிகிறது. ஆனால் அன்றைக்கு எனக்கு அந்தக் கம்பத்து ஆட்களின் சிரிப்புதான் கேட்டது. நான் நடக்கிறேன் என்றால் மகன் நம்புவதில்லை. பார்த்தேன் என்றால் இவரும் நம்பவில்லை. அன்றிலிருந்து எழுதுவதை நிறுத்தினேன்.

கார்த்திகை பிறந்து இரண்டாவது வாரம் அது நடந்தது. ஷிப்மென்ட் போகிற நாள். காலை ஒன்பது மணி இருக்கும். செக்கிங் ஹாலில் பெண்கள் கூச்சல் போடுவது கேட்டது. வாக்கரைத் தள்ளிக்கொண்டு ஹாலின் பின்வாசலுக்குப் போனேன். அந்தக் குருவிதான். எப்படியோ உள்ளே வந்துவிட்டது. வெளியே போக வழி தெரியாமல் டியூப் லைட்டுக்கு டியூப் லைட் முட்டிக்கொண்டு பறந்தது. தலைக்கு மேல் வரிசை வரிசையாக ஃபேன்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு தடவை இறக்கை பட்டு, நீல இறகு ஒன்று வெள்ளைப் பனியன் குவியல் மேல் விழுந்தது.

ஜோதிதான் போன் போட்டாள். பத்தே நிமிடத்தில் ஒயர்மேன் மொபெட்டில் வந்துவிட்டார். செந்தில் அப்போது துணிக்குச் சாயம் போடும் டையிங்குக்குப் போயிருந்தான். அவர் வாசலில் நின்று மேலே ஒரு பார்வை பார்த்தார். குருவியைப் பார்த்தார், ஃபேன்களைப் பார்த்தார். யாரிடமும் ஒன்றும் கேட்காமல் நேராகப் போர்டுக்குப் போய்க் கம்பெனியின் மெயினைக் கீழே இறக்கிவிட்டார்.

மொத்தமும் நின்றது. ஓவர்லாக் நின்றது, கட்டிங் நின்றது, மாடியில் ஓடிக்கொண்டிருந்த எம்ப்ராய்டரி மிஷின் பாதிப் பூவில் நின்றது. இத்தனை வருடத்தில் பகல் வேளையில் என் வீட்டில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை.

"ஜெனரேட்டர் போடாதீங்க! எல்லா ஜன்னலும் சாத்துங்க. பின்வாசலை மட்டும் தொறந்து வெச்சுட்டு ஆராரும் அசையாம உக்காருங்க" என்றார். அறுபது பேர் இருட்டில் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். குருவி ஒரு ரோல் மேல் இறங்கியது. வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. பிறகு வெளிச்சம் தெரிந்த ஒரே வாசல் வழியாக, என் வாக்கருக்கு ஒரு முழம் பக்கத்தில், தோட்டத்துக்குப் பறந்துபோனது. இருட்டுக்குள் எல்லோரும் கைதட்டினார்கள். ஒயர்மேன் என்னைப் பார்த்து, "பாத்துட்டனுங்கக்கா!" என்றார். அவர் முகம் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கரண்ட் வருவதற்கும் செந்தில் வருவதற்கும் சரியாக இருந்தது. மாடிக்குப் போனான். மிஷினில் மாட்டியிருந்த பீஸ் அத்தனையும் டிசைன் விலகி வீணாகியிருந்தன.

"ஆரைக் கேட்டு மெயினை இறக்குனீங்க? ஃபேனை மட்டும் நிறுத்தியிருக்கக் கூடாதா?"

"எது ஃபேன் சுவிட்சுன்னு தேடற நேரத்துல அது அடிபட்டுருமுங்க தம்பி."

"உங்களுக்கு இதென்ன உங்க ஈ.பி. ஆபீஸா? ஒரு போன் பண்ணியிருக்கலாமல்ல? ஷிப்மென்ட் நாள்ணா இன்னிக்கு!"

"தப்புத்தானுங்க."

அவர் தப்பு என்று ஒப்புக்கொண்டதும் செந்திலின் வேகம் குறைந்துவிட்டது. அவனைப் பெற்றவள் நான், எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் நான், "போகட்டும் உடு சாமி, உசுரு தப்பிச்சுது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். நான் வாயைத் திறந்தேன். ஆனால் சொன்னது வேறு.

"சொல்லாமக் கொள்ளாமக் கொம்பை வெட்டுனவருக்கு, சொல்லாமக் கொள்ளாம மெயினை இறக்கறது பெரிசா? அவருக்கு அது பழக்கந்தானே."

ஒயர்மேன் என்னைத் திரும்பிப் பார்த்தார். முந்தின நாளே வந்து சொல்லிவிட்டுத்தான் கொம்பு வெட்டினார் என்பது உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். ஒருவர் அவர். இன்னொருத்தி நான். "இல்லை" என்று அவர் சொல்லியிருக்கலாம்.

"ஆமாங்கக்கா, பழக்கந்தானுங்க" என்றார்.

"இனி கேட்டுக்குள்ள கால் வெக்காதீங்க" என்றான் செந்தில். "பொங்கலுக்குக் குளமும் கெடையாது, கிளமும் கெடையாது."

அவர் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு போனார். அன்று சாயங்காலமே ஜோதியின் போனுக்கு நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். கேள்விக்குறியை அழித்திருந்தார். "அழிச்சாப் போச்சா?" என்று ஜோதியிடம் சொன்னேன். என் வாய் அப்படி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, பின்சந்தில் இருமல் சத்தம் கேட்டது. அவர் இருமல்தான். சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, மேலே தெரிகிற முருங்கைக் கொம்பில் வருவதை எண்ணுகிறார். பிறகு குரல் கொடுத்தார்.

"அக்கா, இருக்கறீங்களா? குளத்துல ஊசிவால் வாத்து வந்துருச்சுங்க. நாப்பது இருக்கும். தலையைத் தண்ணிக்குள்ள உட்டுட்டு, வாலை மட்டும் மேல நீட்டிட்டு மேயுது. பாத்தா உங்களுக்குச் சிரிப்பு வரும்."

நான் பேசவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். மஞ்சள் மூக்கு நாரை பதினொன்று என்றார். அதற்கடுத்து, தாமரை இலை மேல் நடக்கிற கோழி. அதற்கடுத்து, ஒரு பெரிய பருந்து வந்து இறங்கியதும் வாத்துக் கூட்டம் மொத்தமும் எழுந்ததில் குளமே தூக்கிக்கொண்டு போன மாதிரி இருந்தது என்றார். ஆறு ஞாயிறு வந்தார். கேட்டுக்குள் கால் வைக்கவில்லை. மகன் சொன்னதை மீறவில்லை, ஆனால் எனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போனார். எதையும் நான் எழுதி வைக்கவில்லை, ஏனென்றால் பார்க்காததை எழுதக் கூடாது. ஆனால் அவர் சொன்னதில் ஒரு வாத்தைக்கூட மறக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும், இன்றைக்குப் பேசிவிடலாம் என்று சுவர் ஓரம் வரைக்கும் போவேன். "இருக்கேனுங்க" என்று சொன்னால் போதும். வாய்க்குள்ளேயே நின்றுவிடும். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பேன். ஆறாவது ஞாயிறுக்கு அடுத்த வியாழன்தான் ஜோதி டம்ளரோடு ஓடி வந்தாள்.

அன்று மத்தியானம் நான் கம்பெனிக்குள் போய்ச் செந்தில் முன்னால் நின்றேன். "கேட்டைத் தொற. ஒயர்மேன் ஊட்டுக்குப் போகோணும்."

"அம்மா, அங்க கூட்டமா இருக்கும்..."

"அன்னிக்கு நான் சொன்னது பொய் கண்ணு. அவர் முந்தின நாளே வந்து சொல்லிட்டுத்தான் கொம்பு வெட்டுனாரு. உன்ற கோவத்துக்கு நான் எண்ணெய் ஊத்துனேன். நீ வெரட்டலை அவரை, நான் வெரட்டுனேன்."

அவன் என்னை அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. கார் சாவியை எடுத்தான். நான்கு வருடம் கழித்து அந்தக் கேட்டைத் தாண்டினேன், அதுவும் எழவுக்கு.

வீட்டுக்கு வெளியே பந்தல் போட்டிருந்தார்கள். உடன் வேலை செய்தவர்கள் ஒரு பக்கம், பைனாகுலரோடு வந்துவிட்ட நடைக்குழுவினர் ஒரு பக்கம். அவர் கண் மூடியிருந்தது. அதுதான் எனக்கு ஆகவில்லை. அந்த ஆளின் கண் மூடி நான் பார்த்ததே இல்லை. அவருடைய மனைவி என் கையைப் பிடித்தார். "தோட்டத்து அக்காங்களா நீங்க?" என்றார். "ஞாயித்துக்கெழமை ஊட்டுக்கு வந்ததும் உங்க பேச்சுத்தானுங்க. அக்கா பேசலை, ஆனா செவுத்துக்கிட்ட வந்துட்டாங்க, வாக்கர் உருள்ற சத்தம் கேட்டுதும்பாரு. போன வாரம்கூட, இன்னிக்கு ரொம்பப் பக்கத்துல கேட்டுது, அடுத்த வாரம் பேசிருவாங்கன்னு சொல்லிச் சிரிச்சாரு."

அவர் அந்தச் சுவரோடு பேசவில்லை. நான் கேட்டுக்கொண்டு நின்றது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அப்போதுதான் அழுதேன்.

நடைக்குழுவினருக்கு ஒன்று சொல்ல வேண்டும். செந்திலைத் திட்டாதீர்கள். அவன் செய்தது ஒரு நாள் கோபம். நான் செய்ததுதான் ஆறு வாரம் நீண்டது. ஞாயிற்றுக்கிழமை கேட் திறந்திருக்கும் என்று அவனே சொல்லியிருக்கிறான். வாருங்கள், பதினைந்து நிமிடம் இல்லை, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காருங்கள். தண்ணீர் நான் கொடுக்கிறேன்.

ஆனால் என்னைக் குளத்துக்குக் கூப்பிடாதீர்கள். அன்று திரும்பும்போது செந்தில் குளத்து வழியாகத்தான் வண்டியை விட்டான். கரை ஓரம் நிறுத்தினான். "அம்மா, எறங்கறயா? நானே கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்" என்றான். இத்தனை நாளும் நான் ஆசைப்பட்டது அதுதான். கதவைக்கூடத் திறந்துவிட்டான். வாத்துகளின் சத்தம் கேட்டது, நாற்பதுக்கு மேலேயே இருக்கும். தண்ணீரின் வெளிச்சம் கார் கண்ணாடியில் ஆடி என் மடியில் விழுந்தது. நான் தலையைத் திருப்பவில்லை. "வண்டியை எடு சாமி" என்றேன். கால் வலிக்கிறது என்று அவன் நினைத்துக்கொண்டான். கால் நன்றாகத்தான் இருந்தது. நான் யார் மேல் வைத்த கோபத்தையும் சுலபத்தில் இறக்கி வைத்தவள் இல்லை, இப்போது அது என் மேலேயே இருக்கிறது. வாத்துகள் பங்குனி வரைக்கும் இருக்கும் என்கிறாள் ஜோதி. இருக்கட்டும்.

எழவு வீட்டிலிருந்து யாரும் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு புறப்படக் கூடாது. அது முறை. அதனால் நானும் அங்கே ஒன்றும் சொல்லாமல்தான் திரும்பினேன். இங்கே எழுத்தில் சொல்வதற்குத் தடையில்லை. பொன்னுசாமி அவர்களே, நீங்கள் முந்தின நாளே வந்து சொன்னீர்கள். எனக்குத் தெரியும். நல்லபடியாகப் போங்கள்.